பெரியதாய்க்குக் கிடைக்காத பட்டா

கடல் தாண்டியவர்கள் – 17

மலாயாவுக்குப் போன தமிழர்களைப் பற்றி சர்க்கார் ஏடுகளில் கணக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆவடி டிப்போவில் எத்தனை பேர், நாகப்பட்டினம் டிப்போவில் எத்தனை பேர், பினாங்குக் கரையில் இறங்கியவர் எத்தனை பேர், வழியில் செத்தவர் எத்தனை பேர் என்று வருஷவாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ரப்பர் தோட்டத்தில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று 1920களின் இறுதியில் நிர்ணயித்த விவரமும் உண்டு. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்து, தோட்டத்து மேஸ்திரியே ஊருக்கு வந்து ஆள் திரட்டும் கங்காணி முறை ஓங்கி, அதுவும் 1938-இல் இந்திய அரசு போட்ட தடையோடு முடிந்த கதையைச் சென்ற இதழ் வரை பார்த்தாயிற்று.

இந்தக் கணக்குகளில் ஏறாத ஒரு கூட்டமும் உண்டு. கங்காணியின் பேரேட்டில் பெயரில்லாமல், தோட்டத்து லயத்தில் (கூலிகளின் வரிசை வீடுகளில்) இடமில்லாமல், தானாகவே கப்பலேறிப் போய் ஊரோரத்தில் குடிசை போட்டுக்கொண்டவர்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூசினார்கள், துணி மூட்டை சுமந்து விற்றார்கள், மாடு வைத்துப் பால் கறந்தார்கள், சலவை செய்தார்கள். தோட்டத் துரைக்கு இவர்களைக் கணக்கெடுக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தொழிற்சங்கமும் இவர்களைத் தேடி வரவில்லை. இவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய ஒரு நாவலைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

அந்த நாவலின் பெயர் ‘தி ரிட்டர்ன்’. எழுதியவர் கே. எஸ். மணியம். 1981-இல் ஹைனமன் பதிப்பகம் வெளியிட்டது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நாவல் என்றாலும், அதில் நடமாடுகிறவர்கள் திண்ணையும் குத்துவிளக்குமாக வாழ்கிறவர்கள்.

மணியத்தின் முழுப்பெயர் சுப்பிரமணியம் கிருஷ்ணன். வட மலாயாவில் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணிக்கு அருகே உள்ள பெடோங் என்ற சிற்றூரில் 1942-இல் பிறந்தார். தகப்பனாருக்கு ஆஸ்பத்திரியில் சலவை வேலை. மணியம் முதலில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, பிறகு ஆங்கிலப் பள்ளிக்கு மாறினார். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குப் போய், வுல்வர்ஹாம்ப்டன் நகருக்குப் பக்கத்தில் மலாயா அரசு நடத்திய பிரின்ஸ்ஃபோர்ட் லாட்ஜ் ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றார். ஊர் திரும்பி ஆசிரியரானார்; பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். நாவலின் நாயகன் ரவியும் பெடோங்கில் வளர்கிறான். அவன் தகப்பனும் ஆஸ்பத்திரிச் சலவைக்காரர். அவனும் தமிழ்ப் பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கு மாறி, இங்கிலாந்து போய், ஆசிரியராகத் திரும்புகிறான். பெயரைத்தான் மாற்றினார், ஊரைக்கூட மாற்றவில்லை.

பெடோங் இருக்கும் இடம் தமிழனுக்குப் புதிதல்ல. முதலாம் ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கப்பற்படை அனுப்பி வென்ற கடாரம் இந்தக் கெடாதான். பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்கள் பெடோங்குக்கு அருகில்தான். குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கில ஆய்வாளர் 1930களின் பிற்பகுதியில் மனைவியோடு வந்து அவற்றைத் தோண்டி எடுத்தார். சோழர் காலத்துக் கடல் வாணிகத்தின் தடயங்களை அவர் மண்ணிலிருந்து பிரித்தெடுத்துக் கொண்டிருந்த அதே வருஷங்களில், சுற்று வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு (ஆள்கணக்குக்கு) நின்ற தமிழர்கள் ஒரு நாள் கூலிக்காகப் பால்மரத்தைச் சீவிக் கொண்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கடாரம் கொண்டான் கதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நாவல் ரவியின் பாட்டியிடமிருந்து தொடங்குகிறது. பெரியதாய் என்று பெயர். மூன்று மகன்களை இழுத்துக்கொண்டு, சில மூட்டை முடிச்சுகளோடு மலாயாவுக்கு வந்து சேர்ந்தவள். ஓட்டைப் பாத்திரத்தை அடைத்துக் கொடுப்பாள். சேலை மூட்டையைச் சுமந்து தோட்டம் தோட்டமாகப் போய் விற்பாள். காசு சேர்த்து ஒரு வீடு எழுப்புகிறாள். அந்த வீட்டுக்குத் திண்ணை உண்டு, செதுக்கிய மரத்தூண் உண்டு, உள்ளே நடராசர் சிலையும் விளக்கும் உண்டு. விட்டு வந்த ஊரில் எந்த மாதிரி வீட்டைப் பார்த்து வளர்ந்தாளோ அதை அந்த மழைக்காட்டு மண்ணில் கட்டிப் பார்த்திருக்கிறாள் என்பது வாசகருக்குப் புரிந்துவிடும்.

வீடு அவளுடையது. அடிமண் அவளுடையதல்ல.

நிலத்துக்கு அவள் பேரில் உரிமைப் பத்திரம் இல்லை என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். இத்தனை வருஷம் குடியிருந்தேனே, மரம் வைத்தேனே என்ற பேச்செல்லாம் அந்த மேஜைக்கு முன்னால் எடுபடவில்லை. ஓடியாடி அலைந்தும் அந்தக் காகிதம் கைக்கு வரவில்லை. நாவலின் கணக்குப்படி பெரியதாய் 1958-இல் சாகிறாள். மலாயா விடுதலை பெற்றது 1957 ஆகஸ்ட் 31. புது நாட்டின் கொடி ஏறிய பிறகும் அவள் குடியிருந்த மண் அவளுக்குச் சேரவில்லை.

இந்த இடத்தில் கெடாவின் நில நிர்வாகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1909-இல் பாங்காக்கில் கையெழுத்தான ஒப்பந்தப்படி கெடா சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷ் கைக்கு வந்தது. சுல்தான் பெயருக்கு இருந்தார். பக்கத்தில் ஆங்கிலேய ஆலோசகர் அமர்ந்தார். ரப்பர் விலை உச்சிக்குப் போன காலம் அது. கம்பெனிகள் ஆயிரக்கணக்கான ஏக்கரை அளந்து பதிவு செய்து வாங்கின. பதிவேட்டில் பெயர் ஏறியவனே நிலத்துக்கு உரியவன் என்ற ஏற்பாடு மலாயா மாநிலங்களில் நிலைபெற்றது. அனுபவ பாத்தியதைக்கு அதில் மதிப்புக் குறைவு. இன்னொரு பக்கம், மலாய்க் குடியானவர்களின் நிலம் கைமாறிப் போகாதிருக்க மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டங்கள் வந்தன. கூட்டாட்சி மாநிலங்களில் 1913-இலேயே இந்தச் சட்டம் அமலானது. கெடா பிற்பாடு தனக்கென ஒன்றை இயற்றிக்கொண்டது. கம்பெனித் தோட்டம் ஒரு பக்கம், மலாய் ஒதுக்கீடு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே மீந்த ஓரஞ்சாரத்தில்தான் பெரியதாயைப் போன்றவர்கள் குடிசை போட முடிந்தது.

அரசு மாறிக்கொண்டே இருந்தது வேறு விஷயம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். 1943-இல் அவர்கள் கெடாவைத் தாய்லாந்திடம் ஒப்படைத்தார்கள். 1945-இல் பிரிட்டிஷார் திரும்பினார்கள். 1948-இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க நெருக்கடி நிலை வந்தது. 1960 வரை அது நீடித்தது. அந்தக் காலத்தில் பத்திரமில்லாமல் காட்டோரம் குடியிருந்தவர்களை சர்க்கார் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. கெரில்லாக்களுக்கு அரிசி கொடுக்கிறார்கள் என்று சொல்லி, பெரும்பாலும் சீனர்களாக இருந்த ஏறத்தாழ 5 லட்சம் பேரைப் பெயர்த்தெடுத்து முள்வேலிக்குள் ‘புதுக் கிராமங்களில்’ குடிவைத்தது. அடுத்து 1957-இல் விடுதலை. ஒரு கிழவியின் ஆயுளுக்குள் இத்தனை ஆட்சி. ஒவ்வொரு ஆட்சியிலும் மேஜைக்குப் பின்னால் வேறு ஆள் உட்கார்ந்தான். பெரியதாய் நின்றது மேஜைக்கு இந்தப் பக்கமே.

அடுத்த தலைமுறை ரவியின் தகப்பன். வீட்டில் நைனா என்று கூப்பிடுகிறார்கள். ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் வேலையும் குடித்தனமும். சலவைக்காரனுக்கு அங்கே என்ன மதிப்பு, கிராணிக்கு (குமாஸ்தாவுக்கு) என்ன மதிப்பு, யார் யாருக்கு எழுந்து நிற்க வேண்டும் என்பதெல்லாம் எழுதப்படாத சட்டம். தோட்டத்தில் துரை, கிராணி, கங்காணி, கூலி என்று இருந்த படிக்கட்டு ஆஸ்பத்திரிக்குள் வேறு பெயர்களில் இருந்தது. துணி துவைக்கிறவன் இருந்தது கடைசிப் படியில்.

சலவைத் தொழிலின் பாடு திருப்பூர் வாசகர்களுக்கு விளக்கித் தெரிய வேண்டியதில்லை. நொய்யல் கரையில் சலவைப் பட்டறையில் முழங்கால் தண்ணீரில் நின்று பிளீச்சிங் பவுடர் நெடியில் வேலை பார்த்தவர்களின் விரலிடுக்குகள் எப்படி இருந்தன என்பது இங்கே பல குடும்பங்களுக்குத் தெரியும். பெடோங் ஆஸ்பத்திரிச் சலவையில் நோயாளியின் ரத்தமும் சீழும் பட்ட விரிப்புகளும் சேர்ந்துகொண்டன. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் ரவியும் அந்த வேலைக்குக் கை கொடுக்க வேண்டியிருந்தது.

ரவிக்கு வாய்த்த வழி ஆங்கிலப் பள்ளிக்கூடம். மலாயாவில் தமிழ்ப் பள்ளிகள் பெரும்பாலும் தோட்டத்தோடு ஒட்டியவை. பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு சொன்னது. வைத்தார்கள், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்திலும் வைத்தார்கள், பாடத்தோடு கங்காணி வேலையும் பார்த்தவரை வாத்தியாராகவும் வைத்தார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் அங்கே படிப்பில்லை. கிராணி ஆக வேண்டுமானால், ஆசிரியர் ஆக வேண்டுமானால், ஆங்கிலப் பள்ளி ஒன்றே கதி. ரவி அங்கே மிஸ் நான்சி என்ற ஆசிரியையிடம் சேர்கிறான். அவள் சொல்லும் கதைகளில் பனி பெய்கிறது, ஓநாய் வருகிறது, சிவப்புத் தொப்பிக்காரச் சிறுமி காட்டு வழியே போகிறாள். சாயங்காலம் அவன் திரும்பி வருவது அழுக்கு மூட்டைகளுக்கு நடுவே.

பையனுக்கு வீடு கசக்கத் தொடங்குகிறது. இதை மணியம் மூடி மறைக்கவில்லை. ஆங்கிலம் படித்து மேலே போன பிள்ளை தன் குடும்பத்தைப் பார்த்து முகம் சுளித்த தருணங்களை, அவன் அடைந்த வெற்றிகளோடு சேர்த்தே எழுதியிருக்கிறார். ஏழைக் குடும்பத்துச் சுயசரிதை நாவல்கள் பலவற்றில் நாயகன் தியாகியாக வருவான். ரவி அப்படி வருவதில்லை. தகப்பன் கொடுத்த பணத்தில் படித்தவன் தகப்பனுக்கு எட்டாத இடத்தில் போய் நிற்கிறான். இந்தத் தயவு தாட்சண்யமில்லாத நேர்மையே நாவலுக்குப் பலம்.

ரவி இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது நைனா வேறு ஆளாகியிருக்கிறார். ஆற்றோரம் ஒரு துண்டு நிலத்தைப் பிடித்து வீடு கட்டுகிறார். தாய்க்குக் கிடைக்காததைத் தான் அடைந்தே தீருவது என்ற பிடிவாதம். அந்த நிலத்துக்கும் பத்திரம் இல்லை. மறுபடியும் அதிகாரிகள், மறுபடியும் எச்சரிக்கை. நைனாவின் புத்தி பேதலிக்கிறது. மண்ணைக் கும்பிடுகிறார், பல மொழிகளைக் கலந்து ஏதேதோ ஓதுகிறார். கடைசியில் அந்த வீட்டோடு தீக்கிரையாகிறார். ஊர் திரும்பிய படித்த மகனால் அதைத் தடுக்க முடியவில்லை.

தமிழில் கடல் கடந்தவர் கதைகள் குறைவில்லை. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் காட்டியது. மேடானில் வேலை பார்த்துத் திரும்பிய ப. சிங்காரம் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்ற இரண்டு நாவல்களில் யுத்த காலத்து மலாயாவையும் இந்தோனேசியாவையும் எழுதினார். அகிலன் மலேசியாவைச் சுற்றிப் பார்த்து ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். இவர்கள் எல்லோருக்கும் திரும்பி வர ஓர் ஊர் இருந்தது. மணியத்துக்கு இல்லை. பெடோங்கே அவருக்குச் சொந்த ஊர். போனவர்களின் கண்ணால் பார்ப்பதற்கும் அங்கேயே தங்கிவிட்டவர்களின் கண்ணால் பார்ப்பதற்கும் உள்ள தூரத்தை ‘தி ரிட்டர்ன்’ படித்தால் அறியலாம். திரும்பி வருபவனுக்குக் கூலியும் கொடுமையும் கண்ணில் படுகின்றன. தங்கியவனுக்கு அவற்றைவிடப் பெரிய கவலை காலடி மண்.

இதே கவலையை டிரினிடாடில் ஒருவர் எழுதினார். கரும்புத் தோட்டக் கூலிகளின் வம்சத்தில் வந்த வி. எஸ். நைபால், பத்திரிகையாளரான தம் தகப்பனாரின் வாழ்க்கையை வைத்து 1961-இல் வெளியிட்ட ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவலில், மாமியார் வீட்டு ஆதிக்கத்திலிருந்து தப்ப ஒருவன் ஆயுள் முழுக்கச் சொந்த வீட்டுக்காக அல்லாடுகிறான். பிஸ்வாஸுக்குக் கடைசியில் கடனில் மூழ்கிய ஒரு கோணல் வீடாவது கிடைத்தது. நைனாவுக்கு அதுவும் இல்லை. டிரினிடாடில் ஒப்பந்தக் காலம் முடிந்த கூலிகளில் ஒரு பகுதியினர் ஊர் திரும்பும் கப்பல் உரிமையை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாக அரசு நிலம் பெற்ற காலம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டில் இருந்தது. அங்கே இந்தியர் கிராமங்கள் உருவாயின. மலாயாத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் கம்பெனித் தோட்டத்து லயத்தைத் தாண்டவில்லை. வேலை போனால் வீடும் போகும் என்பதே லயத்தின் விதி. 1931 கணக்கெடுப்பில் மலாயாவில் இந்தியர் சுமார் 6 லட்சம் பேர். அவர்களில் சொந்த நிலம் வைத்திருந்தவர்கள் சொற்பம்.

கொங்கு நாட்டிலிருந்து இந்தக் கதைக்கு ஒரு பக்கக் கண்ணாடி உண்டு. மணியம் பிறந்த அதே 1942-இல்தான் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ வெளிவந்தது. இன்றைய திருப்பூர் மாவட்டத்துக் கீரனூர்க்காரர் அவர். புருஷனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் தன் பங்கைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள். அந்த ஒரு கேள்வி கொலையில் போய் முடிகிறது. காடு தோட்டம் உள்ள குடும்பத்திலேயே ஒரு பெண் தன் பேருக்கு நிலம் கேட்டால் இந்தக் கதி என்றால், குழி நிலம்கூட இல்லாத பெண்கள் என்ன கேட்டிருக்க முடியும்? பண்ணையத்தில் கூலிக்கு நின்றவர்களும், 1876 முதல் 1878 வரை கோயமுத்தூர், சேலம் ஜில்லாக்களைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில் எல்லாம் இழந்தவர்களும் ரயிலேறிய காரணம் அதில் இருக்கிறது. சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதை 1862-லேயே திருப்பூர் வழியாகப் போத்தனூரை எட்டிவிட்டது. துறைமுகம் அதோடு பக்கத்தில் வந்துவிட்டது. கங்காணிகளின் பெரிய வேட்டைக்காடு திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு ஜில்லாக்கள்தான். கோயமுத்தூர் ஜில்லாவிலிருந்து போனவர்கள் அவற்றைவிடக் குறைவு.

அதற்கு ஒரு காரணம், நிலமில்லாதவனுக்கு இங்கேயே வேறு வேலை முளைத்ததுதான். பருத்தி அரவை ஆலைகள் வந்தன, நூற்பாலைகள் வந்தன, 1920களில் திருப்பூரில் முதல் பனியன் பின்னல் எந்திரங்கள் ஓடத் தொடங்கின. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் 5,000 பேருக்கு மேல் மேல்தளத்தில் அடைத்துக்கொண்டு சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாகப் போய் வந்துகொண்டிருந்த அதே காலம். ஒரே வறட்சியில் அடிபட்ட இரண்டு குடும்பங்களில் ஒன்று கிழக்கே கப்பலேறியது, இன்னொன்று பனியன் கம்பெனி வாசலுக்கு வந்தது. பின்னால் சொன்ன அந்தக் குடும்பமும் நொய்யல் கரையிலோ ஜம்மனை ஓடைக் கரையிலோ புறம்போக்கில் குடிசை போட்டது. பட்டா கேட்டு மனு எழுதிய கை இங்கேயும் உண்டு.

மணியம் பிறகு ‘இன் எ ஃபார் கன்ட்ரி’ (1993), ‘பிட்வீன் லைவ்ஸ்’ (2003) என்ற நாவல்களையும், நாடகங்களையும் சிறுகதைகளையும் எழுதினார். தெற்காசிய வம்சாவளி எழுத்தாளர்களுக்கான ராஜா ராவ் விருது 2000-இல் முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது. 2020-இல் கோலாலம்பூரில் காலமானார். நிலம் என்ற விஷயத்தை அவர் கடைசி வரை விடவில்லை. ‘பிட்வீன் லைவ்ஸ்’ நாவலிலும் தன் நிலத்தை விட்டு நகர மறுக்கும் ஒரு கிழவியே நடுநாயகம்.

மலாயாத் தமிழர் வரலாற்றைக் கூலி, கங்காணி, கப்பல் என்று மட்டும் எழுதுவது பாதிக் கதை. ஐம்பது காசுச் சம்பளம் சண்டை போட்டால் அறுபது காசாகும் என்பதைத் தோட்ட வேலைநிறுத்தங்கள் காட்டின. பத்திரமில்லாத மண் மூன்று தலைமுறை ஆனாலும் பத்திரமில்லாத மண்தான் என்பதைக் காட்டியது பெடோங்கின் சலவைக்காரர் மகன் எழுதிய இந்த நாவல். குடியேறிகள் வரலாற்றில் இதற்கு ஆவணத்துக்குரிய இடத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

திருப்பூர், பல்லடம், காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களில் மலாயா போய்வந்த மூத்தவர்கள் உள்ள குடும்பங்கள் இருந்தால், பழைய கடவுச்சீட்டு, கப்பல் சீட்டு, மணியார்டர் ரசீது, கடிதம் எதுவானாலும் தூக்கி எறிய வேண்டாம். நகலெடுத்து அனுப்பினால் தொடரில் பயன்படும்.

அடுத்த இதழில்: ரப்பர் தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்கு.